அரசு விலை வைக்கிறது என்றால் மாத்திரை ஏன் இவ்வளவு விலை?

ஒடுகத்தூர்_மகன்:
அம்மாவுக்கு சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. இதுவரை ஆரம்ப சுகாதார நிலைய மாத்திரைதான். போன மாதம் வேலூரில் ஒரு தனியார் டாக்டரிடம் காட்டினோம், சுகருக்கு இரண்டு மருந்து சேர்ந்த ஒரே மாத்திரையாக மாற்றி எழுதிவிட்டார். அட்டை விலையைப் பார்த்து மலைத்துப் போனேன். மருந்து விலையை அரசு நிர்ணயிக்கிறது என்கிறார்களே, பிறகு இது எப்படி? மெடிக்கலில் கேட்டால் "அட்டையில போட்டிருக்கறதுதான் சார்" என்று முடித்துவிட்டார்.

காட்பாடி_மருந்தாளுநர்:
எல்லா மருந்துக்கும் விலை உச்சவரம்பு கிடையாது அண்ணா. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் (கடைசியாக 2022இல் திருத்தியது) இருப்பவற்றுக்குத்தான், 2013 விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி வைக்கிறார்கள். சுகருக்கான மெட்ஃபார்மின் பட்டியலில் இருக்கிறது, இன்னொரு சுகர் மருந்தான கிளிமெபிரைடும் இருக்கிறது, இரண்டையும் ஒரே மாத்திரையாக்கினால் பட்டியலுக்கு வெளியே போய்விடும். பட்டியலில் இல்லாததற்கு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் விலை ஏற்றக்கூடாது என்பதுதான் பொது விதி. இன்னொன்று, உச்சவரம்பு போடும்போது தயாரிப்புச் செலவைப் பார்ப்பதே இல்லை. சந்தையில் 1 சதவீதமாவது பங்குள்ள பிராண்டுகளின் விலைக்குச் சராசரி எடுத்து, கடைக்காரருக்கு 16 சதவீதம் சேர்ப்பார்கள். விற்பதெல்லாம் விலை கூடிய பிராண்டாக இருந்தால் சராசரியும் மேலேதானே நிற்கும்? இது எனக்குத் தீராத கோபம். சரி, டாக்டரிடமே கேட்டுத் தனித்தனி மாத்திரையாக எழுதி வாங்குங்கள். நீங்களாகப் பிரித்துக் கொடுக்காதீர்கள், அளவு மாறிவிடும்.

குடியாத்தம்_அக்கா:
தம்பி, நான் சுகாதார நிலையத்தில் மருந்து கட்டிக் கொடுத்த கை. நம்ம மாநிலத்தில் ஏழைகளைக் காப்பாற்றியது விலை ஆணையைவிடக் கொள்முதல்தான். 1994இல் வந்த தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் பிராண்ட் பார்க்காமல் மூலப்பெயரில் டெண்டர் விட்டு மொத்தமாக வாங்குகிறது, ஆய்வகத்தில் சோதித்த பிறகுதான் கிடங்கிலிருந்து அனுப்புகிறது. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக், எடுக்கிற மருந்தின் மதிப்பு அதில் கழியும். பெட்டி வந்ததும் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் பார்த்து, சீக்கிரம் காலாவதியாவது முன்னால் வருகிற மாதிரி அடுக்குவோம். 2021இல் மக்களைத் தேடி மருத்துவம் வந்ததும் அதே சுகர் மாத்திரை வீட்டுக்கே போக ஆரம்பித்தது. பஸ் செலவுக்குப் பயந்து மாத்திரையைப் பாதியில் விட்ட பாட்டிமாரை நான் பார்த்திருக்கிறேன். அப்படி விட்டால் கடைசியில் பக்கவாதம், டயாலிசிஸ் என்று குடும்பமே உட்கார்ந்துவிடும்.

பேரணாம்பட்டு_அண்ணன்:
விலையைக் குறைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். என் தம்பிக்கு ருமாட்டிக் இதய நோய், மூன்று வாரத்துக்கு ஒரு பெனிசிலின் ஊசி. சில ரூபாய் மருந்துதான், ஆனால் பல நேரம் கடை கடையாக ஏறி இறங்கினாலும் கிடைக்காது. லாபம் இல்லாத மருந்தை எந்தக் கம்பெனி ஆசையாகச் செய்யும்? 2024 அக்டோபரில் பென்சைல் பெனிசிலின் உட்பட 8 மருந்துகளின் உச்சவரம்பை அரசே 50 சதவீதம் உயர்த்தியது, கட்டுப்படியாகவில்லை என்று உற்பத்தியாளர்கள் விலையை உயர்த்தவும், சிலர் தயாரிப்பையே நிறுத்தவும் கேட்டதால்தான். மலிவாக இருந்து கிடைக்காமல் போவதற்கு, கொஞ்சம் கூடக் கொடுத்துக் கிடைப்பது மேல். இந்த மாதிரி மருந்தை அரசே தயாரிக்க வேண்டும், இதில் என்ன தயக்கம்?

குடியாத்தம்_அக்கா:
@பேரணாம்பட்டு_அண்ணன் சரியாகச் சொன்னீர்கள், தட்டுப்பாடு எங்களையும் படுத்தியிருக்கிறது. ஆனால் தம்பிக்கு ஊசித் தேதி தவறவே கூடாது. இருப்பு தீர்ந்த பிறகு அலையாமல், இரண்டு வாரம் முன்பே சுகாதார நிலையப் பதிவேட்டில் பெயரை எழுதி இன்டென்ட் (கிடங்குக்கு மருந்து கேட்டு அனுப்பும் சீட்டு) போடச் சொல்லுங்கள். கையை விரித்தால் 104க்குப் போன் போட்டுப் புகாரைப் பதிவு செய்யுங்கள்.