சிறு பிள்ளைகளுடன் முதல் ஹாலோவீன்: வீட்டு வாசலே போதும்

டொராண்டோ பகுதிக்கு அண்மையில் குடிவந்து, வீட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர் பலர், பிள்ளைகள் வேடமிட்டு வீடுவீடாகப் போய் மிட்டாய் வாங்கும் ஹாலோவீன் நாளான அக்டோபர் 31 அன்று என்ன செய்வது என்று கேட்கிறார்கள். முதல் ஆண்டில் பிள்ளையைத் தெருத்தெருவாக அழைத்துச் செல்லாமல், வீட்டிலிருந்தபடியே கொண்டாடுங்கள் என்பதே என் யோசனை. கதவைத் திறந்து வருபவர்களுக்கு மிட்டாய் கொடுக்கும் பொறுப்பைப் பிள்ளையிடமே ஒப்படைத்துவிடுங்கள். முகமூடி அணிந்த ஒருவரை இருட்டில், பழக்கமில்லாத தெருவில் எதிர்கொள்ளும் மூன்று வயதுக் குழந்தை மிரண்டு அழும்; அதே குழந்தை தன் வீட்டு நிலைப்படியில், அம்மாவின் புடவைத் தலைப்பையோ கையையோ பிடித்துக்கொண்டு நிற்கும்போது, சற்று நேரத்திலேயே தைரியமாகக் கிண்ணத்தை நீட்டத் தொடங்கிவிடும்.

இங்கே வழக்கம் எளிமையானது. வாசல் விளக்கு எரிந்தால் வரலாம் என்று பொருள். அணைந்திருந்தால் பொதுவாக யாரும் மணியை அழுத்துவதில்லை. மாலை ஆறு மணியை ஒட்டி இருட்டத் தொடங்கும் நேரத்தில் மிகச் சிறிய பிள்ளைகள் பெற்றோருடன் வருவார்கள். பயமுறுத்தும் வேடங்களில் பெரிய பிள்ளைகள் வருவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். ஆகவே முதல் ஒரு மணி நேரம் உங்கள் பிள்ளை வாசலில் நிற்கட்டும். பிறகு விளக்கை அணைத்துவிட்டுச் சோறூட்டித் தூங்க வைப்பதில் தவறே இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் நிர்வாக அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். மிட்டாய் கொடுக்க விரும்பும் வீடுகளின் பட்டியலைச் சில கட்டடங்களில் கீழ்த்தளத்தில் ஒட்டுவார்கள்.

வெளியே போக வேண்டாம் என்று நான் சொல்வதற்கு அச்சம் மட்டும் காரணமல்ல. 1975 முதல் 2016 வரையிலான அமெரிக்க விபத்துத் தரவுகளைக் கனடா மருத்துவ ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது, ஹாலோவீன் மாலையில் பாதசாரிகள் வாகனம் மோதி இறக்கும் அபாயம் மற்ற மாலைகளைவிட 43 சதவீதம் அதிகம் என்றும், நான்கு முதல் எட்டு வயது வரையிலான பிள்ளைகளுக்கு அது சுமார் பத்து மடங்கு என்றும் தெரியவந்தது. நம் வாட்ஸ்அப் குழுக்களிலோ, அந்நியர்கள் மிட்டாயில் விஷம் கலந்து கொடுப்பார்கள் என்ற எச்சரிக்கைதான் ஆண்டுதோறும் சுற்றுகிறது. இதைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்துவரும் அமெரிக்கச் சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட், அப்படி ஒரு குழந்தை இறந்ததாக உறுதிப்பட்ட நிகழ்வு ஒன்றுகூட இல்லை என்கிறார். கவனம் சாலையின்மேல் இருக்க வேண்டும்.

கொடுப்பதற்கு ஆலையில் உறையிடப்பட்ட சிறிய மிட்டாய்களையே வாங்குங்கள். ஆசையாகச் செய்த முறுக்கையும் லட்டையும் அறிமுகமில்லாத பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். வீட்டில் செய்த பண்டத்தைப் பெரும்பாலான பெற்றோர் அப்படியே எறிந்துவிடுவார்கள். பக்கத்து வீட்டாருக்கு என்றால் தட்டில் வைத்து நேரில் கொண்டுபோய்க் கொடுக்கலாம், அது வேறு. நிலக்கடலை ஒவ்வாமை இங்கே பல பிள்ளைகளுக்கு இருப்பதால் கடலை சேராத வகையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. வாசலில் நீலப்பச்சை வண்ணம் பூசிய பூசணி இருந்தால், அந்த வீட்டில் உணவு அல்லாத சிறு பரிசுகளும் கிடைக்கும் என்று பொருள். சைவ உணவுக்காரர்கள், மெல்லும் மிட்டாய்கள் பலவற்றிலும் மார்ஷ்மெல்லோவிலும் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருப்பதைக் கவனிக்க வேண்டும். நான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குக் கெட்டியான உருண்டை மிட்டாய், பாப்கார்ன், முழுக்கொட்டை எதுவும் வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

பூசணிக்காய் குடைவதுதான் வீட்டில் கொண்டாடுவதன் உண்மையான மகிழ்ச்சி. கத்தி பெரியவர் கையில் இருக்கட்டும், காயின்மேல் முகத்தை வரைவது பிள்ளையின் வேலையாக இருக்கட்டும். மேல்மூடியைச் சாய்வாக வெட்டினால் அது உள்ளே விழாமல் உட்காரும். பிறகு பிள்ளை முழங்கை வரை கையை விட்டு, வழுவழுப்பான நாரையும் விதையையும் கைநிறைய அள்ளிப் போடுவதைப் பார்க்க வேண்டும். விதைகளை அலசி நன்றாகத் துடைத்து, எண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள் பிசறி, 150 டிகிரி செல்சியஸ் அடுப்பில் அரை மணி நேரம் வறுத்தால் பெரியவர்களுக்கு அருமையான கொறிப்பு. குடைந்த காய் சில நாட்களிலேயே அழுகிவிடும் என்பதால், முப்பதாம் தேதிக்கு முன்பு வெட்டாதீர்கள். குடைவதற்கென்று விற்கும் பெரிய காய் சாம்பாருக்கு ருசிக்காது. அதற்குச் சிறிய, இனிப்பான பூசணியைத் தனியாக வாங்குங்கள்.

குடைந்த பூசணிக்குள் மெழுகுவர்த்திக்குப் பதிலாக பேட்டரி விளக்கு வையுங்கள். 2024-இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தன. அப்படி வரும் ஆண்டுகளில் அகல் விளக்குகளை வாசற்படியில் வைக்காமல் வீட்டுக்குள் உயரமான இடத்தில் வைக்க வேண்டும், ஏனெனில் தொங்கும் வேட உடைகள் எளிதில் தீப்பிடிக்கும்.

ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டிக்கு எலும்புக்கூடும் கல்லறையும் வாசலில் இருப்பது மனதுக்கு ஒவ்வாது, அதை மதியுங்கள். பூசணியும் உதிர்ந்த மேப்பிள் இலைகளும் போதும். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் டர்னிப் கிழங்கில் முகம் குடைந்து தீய ஆவிகளை விரட்டிய மக்கள், வட அமெரிக்காவுக்கு வந்தபின் பூசணிக்கு மாறினார்கள் என்று அவர்களிடம் சொல்லுங்கள். புதுவீட்டு வாசலில் திருஷ்டிப் பூசணி கட்டிய தலைமுறைக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

வேட உடையை ஓர் அளவு பெரிதாக வாங்குங்கள். வாசலில் திறந்த கதவருகே நின்றாலும் குளிரும், உள்ளே ஜாக்கெட் போட இடம் வேண்டும். முகமூடி பார்வையை மறைப்பதால் முகத்தில் வண்ணம் தீட்டுவது மேல். நவம்பர் 1 அன்று விளக்கை எடுத்துவிட்டுப் பூசணியை உணவுக் கழிவுக்கான பச்சைத் தொட்டியில் போடுங்கள். தள்ளிப்போட்டால் அணில்கள் வாசல் முழுவதும் இழுத்துப் போட்டுவிடும்.