கிளப் மெம்பர்களை ஏரி, மரம் வேலைக்கு இழுத்த அனுபவம் இருந்தா சொல்லுங்க (தர்மபுரி / கிருஷ்ணகிரி)

தகடூர்வாசி

நம்ம பக்கம் ரோட்டரி, லயன்ஸ், ஜேசிஸ்னு ஏதாவது சேவை கிளப்புல இருக்கறவங்களுக்கு நான் சொல்றது உடனே புரியும். கண் கேம்ப்னா காலங்காத்தால வந்து சேர் போடுவாங்க, ரத்தம் வேணும்னு குரூப்ல போட்டா அஞ்சு நிமிசத்துல ஆள் ரெடி. ஏரி, மரம், குப்பைன்னு எடுத்தா மட்டும் "அதெல்லாம் ஃபாரஸ்ட்காரங்க பாத்துப்பாங்க"ன்னு ஒருத்தர் சொல்லுவாரு, பேச்சு அதோட முடிஞ்சிடும்.

எங்க கிளப்புல ஒரு சீனியர், பாத்திரக்கடை வச்சிருக்காரு. அவருதான் அந்த மாதிரி சொல்றவரு. ஒரு நாள் கல்யாணத்துக்குப் போயிட்டு அவரும் நானும் பென்னாகரம் ரோட்டுல வர்றோம், நான் கிளப்புல சேர்றதுக்கு முன்னாடி நட்ட கன்னுங்க அந்த வழியிலதான் இருக்கு. கன்னச் சுத்தி வைக்கற கூண்டு (ட்ரீ கார்டு) எல்லாம் நிக்குது, கிளப் பேரு பெயின்ட்ல பளிச்சுன்னு தெரியுது, உள்ள பாத்தா பாதிக்கு மேல வெறும் குச்சி. ஒரு அம்மா இடுப்புல குடத்தோட வந்து ஒரே ஒரு கன்னுக்கு ஊத்திட்டு இருந்தாங்க. இவரு வண்டிய நிறுத்தச் சொல்லி எறங்கிப் போயி "ஏம்மா, இதுக்கு மட்டும் ஊத்தறீங்க"ன்னு கேட்டாரு. "எல்லாத்துக்கும் ஊத்த நான் எங்க போறது தண்ணிக்கு? இது எங்க வூட்டு வாசலுக்கு எதிர்ல இருக்குது. கண்ணு முன்னாடி காயறதப் பாத்துகிட்டு சோறு எறங்க மாட்டேங்குது சாமி"ன்னாங்க. குடத்தோட அடியில கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு, அத பக்கத்துக் கன்னு மேல கையால தெளிச்சு விட்டாங்க. இவரு அங்கேயே நிக்கறாரு, நான் ஹாரன் அடிச்சும் வரல.

அடுத்த மீட்டிங்ல அவரே எந்திரிச்சு "கன்னு வாங்கற கணக்கு எனக்கு வேணாம், தண்ணி டேங்கருக்கு எவ்வளவு ஆகும்னு சொல்லுங்க"ன்னு கேட்டாரு. இப்ப அவரு கடை மினி லாரியிலதான் டேங்க் ஏத்திட்டுப் போறோம். மணிக்கணக்கா பவர் பாயின்ட் போட்டு நடக்காதது அந்தம்மா ஒரு வார்த்தையில நடந்துச்சு. உங்களுக்கும் இப்படி ஏதாவது இருக்கும், எழுதுங்க.

பாரூர் பாசனம்

அண்ணா, அந்தக் கன்னு ஏன் காஞ்சுதுன்னு நீங்க யோசிச்சீங்களா? ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்துல நட்டிருப்பாங்க, இல்லன்னா ஜூலை 1 புது பிரசிடென்ட் பதவி ஏத்ததும் நட்டிருப்பாங்க. ரெண்டுமே நம்ம மண்ணுக்கு சரிப்படாது. தர்மபுரி கிருஷ்ணகிரியில நல்ல மழை செப்டம்பர் அக்டோபர்ல. அதுக்கு முன்னாடி ஜூன்ல குழி எடுத்து விடுங்க, ரெண்டடி அகலம் ரெண்டடி ஆழம், அது பாட்டுக்கு வெயில்ல காயட்டும், ஆடி ஆவணியில மக்குன எருவும் மேல்மண்ணும் போட்டு மூடுங்க, முதல் ரெண்டு மழை உழுந்து மண்ணு எறங்குனப்புறம் நடுங்க. ஒரு அடி கன்னு வாங்காதீங்க, இடுப்பு உயரமாவது இருக்கணும், தண்டு பென்சில விட தடியா இருக்கணும். ரோட்டோரம்னா புங்கன் வைங்க, ஆடு அவ்வளவா கடிக்காது. ஏரிக்கரை ஓரம் நாவல், நீர்மருது. இலுப்பை, வேம்பும் தாங்கும். மயில்கொன்றை (குல்மோஹர்) பாக்க அழகா இருக்கும், காத்துல முறியும், ரோட்டோரம் வைக்காதீங்க. கரண்டு கம்பிக்கு அடியில எதையும் வைக்காதீங்க, ஈபிகாரங்க வந்து மொட்டை அடிச்சிட்டுப் போயிடுவாங்க. வச்சப்புறம் ரெண்டு கோடை தாண்டணும், அதுக்கப்புறம் மரம் தன்னப் பாத்துக்கும்.

என் அனுபவம் ஒண்ணுதான். எங்க ஊருக்கு ஒரு கிளப் வந்து வாழைமரம் கட்டி, ஃப்ளெக்ஸ் வச்சு கன்னு நட்டாங்க. கன்னு சுத்தியிருந்த கருப்பு பாலித்தீன் பைய பிரிக்காம அப்படியே குழியில எறக்கிட்டாரு ஒரு பெரிய மனுசர். எங்க அப்பா ஓடிப் போயி "சாமி சாமி, பைய கிழிங்க"ன்னு கத்தறாரு, போட்டோகிராபர் அப்பாவ கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்றான். இன்னிக்கும் அந்தப் பக்கம் போனா எனக்கு வயிறு எரியும்.

ஓசூர் பழைய பஸ்ஸ்டாண்டு

பாரூர் தம்பி சொல்றது விவசாயக் கணக்குல சரி. கிளப்புல ஆளைச் சேர்க்கறது வேற விசயம். ஜூன் 5ன்னா ஸ்கூல் தொறக்குற சமயம், கலெக்டர் ஆபீசுல இருந்து எல்லாரும் அதப் பத்திப் பேசறாங்க, அப்பதான் மெம்பர் வருவாரு. செப்டம்பர்ல கூப்பிட்டா வரமாட்டாரு. முதல்ல வரட்டும்ங்கறேன்.

என்னோடது ஓசூர் பக்கத்துல இருக்கற கெலவரப்பள்ளி டேம். தெரியாதவங்க இருக்க மாட்டீங்க. தென்பெண்ணை ஆறு நந்தி மலையில பொறந்து பெங்களூரு பக்கமா வருது, அங்க பெல்லந்தூர், வர்த்தூர் ஏரி வழியா வர்ற சாக்கடையெல்லாம் இதுலதான் கலக்குது. மழை பேஞ்சு டேம்ல தண்ணி தொறந்தாப் போதும், நுரை பொங்கி தரைப்பாலத்தையே மூடிடும். எங்க கிளப்புல நெறைய பேரு ஃபேக்டரி ஆளுங்க, சிப்காட்ல வேலை. அவங்கள ஞாயித்துக்கெழம அங்க கூட்டிட்டுப் போனோம், கரையில மரம் நட எடம் பாக்கலாம்னு. கீழ ஒரு விவசாயி, கொத்தமல்லி போட்டிருந்தாரு, எங்களப் பாத்துட்டு ஒரு சொம்புல வாய்க்கால் தண்ணிய மோந்துகிட்டு வந்தாரு. நாத்தம் மூக்கத் தொளைக்குது. "நீங்க நடப்போற மரத்துக்கு இதத்தான் ஊத்துவீங்க. என் கொத்தமல்லிக்கும் இதான். ராத்திரி உங்க வூட்டு ரசத்துல போடறதும் இதான்"னாரு. கோவமே இல்ல அவரு பேச்சுல, கணக்கு சொல்ற மாதிரி சொன்னாரு. எங்ககூட ஃபேக்டரியில தண்ணி சுத்திகரிப்பு பிளான்ட் பாக்கற ஒரு மெம்பர் வந்திருந்தாரு, அது வரைக்கும் கிளப்புல வாயே தொறக்காதவரு. அந்தச் சொம்ப வாங்கி ஒரு வாட்டர் பாட்டில்ல ஊத்தி எடுத்துகிட்டாரு. அப்புறம் மாசா மாசம் அவரே சாம்பிள் எடுத்து டெஸ்ட் பண்ணி எழுதி வைக்கிறாரு, அந்தப் பேப்பர வச்சு மனு குடுத்துட்டு இருக்கோம். ஆத்த நாங்க சுத்தம் பண்ண முடியாது, ரெண்டு மாநில விவகாரம். ஆனா அவரு மாதிரி ஆளுக்கு மண்வெட்டி குடுத்தா வரமாட்டாரு, அவரு தொழில்ல தெரிஞ்ச வேலைய குடுத்தா வர்றாரு.

பாரூர் பாசனம்

முதல்ல வரட்டும்னா கன்னு சாகறது யாரு கணக்குல எழுதறதுங்க? ஒரு தடவ நட்டது காஞ்சு போச்சுன்னா அந்த ஊர்க்காரன் அடுத்த தடவ உங்களுக்கு எடம் குடுக்க மாட்டான். ஜூன் 5ல குழி வெட்டச் சொல்லுங்க, அதுக்கு போட்டோ எடுங்க. கொத்தமல்லிக்காரர் சொன்னது மனசுல நிக்குது.

மொரப்பூர் டீச்சர்

நான் கிளப் மெம்பர் இல்ல, என் வீட்டுக்காரர் மெம்பர். எங்க ஸ்கூல்ல ஒரு கிளப் சார்பா "பிளாஸ்டிக்கை ஒழிப்போம்" பேச்சுப்போட்டி வச்சாங்க. ஆறாவது படிக்கிற புள்ள, நல்லா பேசுனா, 2019 ஜனவரி 1ல இருந்து நம்ம மாநிலத்துல ஒரு தடவ பயன்படுத்தற பிளாஸ்டிக் 14 வகை தடைன்னு மூச்சுவிடாம சொல்றா. கீழ எறங்குனதும் அவளுக்கு ஒரு குட்டி தண்ணி பாட்டிலும், பிளாஸ்டிக் தாள்ல சுத்துன பரிசும் குடுத்தாங்க. தண்ணிய குடிச்சுட்டு காலி பாட்டில ரெண்டு கையால புடிச்சுகிட்டு மேடையில இருந்த தலைவர்கிட்டயே போயி "இத எங்க சார் போடறது?"ன்னு கேட்டா. கிண்டலா இல்ல, நெஜமாவே கேக்கறா, ஏன்னா நாங்க ஸ்கூல்ல தரம் பிரிச்சுப் போடற தொட்டி வச்சிருக்கோம், அன்னிக்கு மேடை கட்டறதுக்காக அத நகத்திட்டாங்க. அந்தத் தலைவர் பாட்டில வாங்கி தன் பைக்குள்ள வச்சுகிட்டாரு. என்ன பதில் சொல்றதுன்னு தெரியாம அவரு முகம் போனது இன்னும் என் கண்ணுல இருக்கு. அடுத்த மாசத்துல இருந்து அவங்க மீட்டிங்ல எவர்சில்வர் டம்ளரும் குடமும், மெம்பருங்க வீட்டுப் பசங்களே ஊத்திக் குடுக்கறாங்க. 2021 டிசம்பர்ல மீண்டும் மஞ்சப்பை திட்டம் வந்தப்ப அந்த கிளப் உழவர் சந்தை வாசல்ல நின்னு பை குடுத்துச்சு. நல்லதுதான். ஆனா டம்ளர் மாறுனதுதான் எனக்குப் பெரிசு.

பென்னாகரம் பக்கம்

எல்லாரும் மரம், பாட்டில்னு பேசறீங்க, நம்ம மாவட்டத்து வியாதியே தண்ணியில இருக்கு. ஃப்ளோரைடு, தண்ணியில அளவுக்கு மேல இருந்தா பல்லையும் எலும்பையும் கெடுக்கற உப்பு. இங்க பொறந்த எவனுக்கும் சொல்லத் தேவையில்ல.

நாங்க ஒரு ஊர்ல ஸ்கூலுக்கு தண்ணி சுத்தம் பண்ற ஆர்.ஓ. மெஷின் குடுத்தோம். தொறப்பு விழா, குரூப் போட்டோ. "எல்லாரும் சிரிங்க"ன்னு போட்டோகிராபர் சொன்னதும் முன்வரிசையில இருந்த பொம்பளப் புள்ளைங்க நாலஞ்சு பேரு டக்குனு கையால வாயப் பொத்திக்கிச்சு. பல்லு பழுப்புக் கறை. நம்ம டாக்டர் மெம்பர் ஒருத்தர் பக்கத்துல நின்னாரு, மெதுவா சொல்றாரு, "பல்லு உருவாகுற வயசுல, எட்டு வயசுக்குள்ள குடிச்ச தண்ணி இது, இனிமே மெஷின் வச்சு இவங்களுக்கு இந்தக் கறை போகாது, பின்னாடி வர்ற புள்ளைங்களுக்குத்தான்." தண்ணிய காய்ச்சுனாலும் ஃப்ளோரைடு போகாதுங்க, வத்த வத்த இன்னும் அடர்த்தியாத்தான் ஆகும், இது நெறைய பேருக்குத் தெரியாது.

அன்னிக்கு ராத்திரியே அந்த டாக்டர் கேட்டாரு, போர்வெல்ல ஆழமாப் போடப் போட பாறைத் தண்ணியில உப்பும் ஃப்ளோரைடும் ஏறுதுன்னா, மேல மழைத்தண்ணிய நிறுத்துனா கொறையுமான்னு. அதுல இருந்துதான் எங்க கிளப்பு ஏரி வரத்துக் கால்வாய் தூர்வார எறங்குச்சு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013ல வந்துச்சு, அதுல பெரிய நிம்மதி, மறுக்கல. குழாய் வராத நாளுக்கு ஜனங்க திரும்ப போர்த்தண்ணிக்குத்தான் போறாங்க. சுற்றுச்சூழல்னு தனியா பேரு வச்சா டாக்டருங்க வரமாட்டாங்க, பல்லுன்னு சொன்னா வருவாங்க.

ரோட்டரி 30 வருசம்

ஒரு சேதி சொல்லிடறேன், இளைஞர்களுக்குத் தெரியாது. சுற்றுச்சூழல் ரோட்டரிக்கு புதுசு இல்ல. ஆரம்பிச்ச பால் ஹாரிஸே பல நாட்டுக்குப் போயி மரம் நட்டவரு. 1990-91ல உலகத் தலைவரா இருந்த பிரேசில்காரர் பாவ்லோ கோஸ்டா பூமியைக் காப்போம்னு ஒரு திட்டமே கொண்டு வந்தாரு. 2017-18ல ஆஸ்திரேலியாவோட இயன் ரைஸ்லி மெம்பருக்கு ஒரு மரம்னு கேட்டாரு, உலகம் முழுக்க 12 லட்சம் மெம்பர். அப்பவும் சுற்றுச்சூழலுக்குன்னு தனியா குளோபல் கிராண்ட் (ரோட்டரி பவுண்டேஷன் குடுக்கற பெரிய நிதி) வாங்க முடியாது, தண்ணி, சுகாதாரம்னு வேற தலைப்புல எழுதணும். 2021 ஜூலை 1ல இருந்துதான் அந்த நிதி குடுக்கற தலைப்புல ஏழாவதா, அவங்க பாஷையில ஏழாவது கவனப் பகுதியா, சேத்தாங்க. லயன்ஸ்லயும் சுற்றுச்சூழல் அவங்க முக்கிய பணியில ஒண்ணு. அதனால "இது நம்ம வேலை இல்ல"ன்னு இனி எந்த மெம்பரும் சொல்லக் கூடாது, சொன்னா இத எடுத்துக் காட்டுங்க.

கிளப்போட நோய் ஒண்ணுதான், ஒரு வருச பதவி. ஒரு பிரசிடென்ட் நட்டத அடுத்த பிரசிடென்ட் தன் புராஜெக்ட்னு நெனைக்கறதில்ல, அவரு தனியா ஒண்ணு காட்டணும். பதவி ஜூன் 30ல முடியும், மரம் அதோட நிக்காதுங்க. எங்க கிளப்புல அதுக்கு ஒரு வழி பண்ணோம், பிரசிடென்ட் கழுத்துல போடற காலரும் மீட்டிங்ல தட்டற சுத்தியலும் கை மாறும்போது மர நோட்டும் கை மாறணும். எந்த எடம், எந்த மரம், யாரு பொறுப்பு, உயிரோட இருக்கா. புது ஆளு அதுல கையெழுத்துப் போட்டுத்தான் பதவி ஏக்கணும். என் நண்பர் ஒருத்தர் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி "ஒரு வாரம் குடுங்க, நேர்ல பாத்துட்டுப் போடறேன்"னாரு. முப்பது வருசத்துல நான் பாத்த நல்ல பதவியேற்பு அதுதான்.

காவேரிக்கரை அக்கா

நோட்டு, கிராண்ட் எல்லாம் சரிங்க சார், பொம்பளைங்களையும் புள்ளைங்களையும் கூப்பிட்டீங்களா? எங்க கிளப் குடும்பத்தோட ஒகேனக்கல் டூர் போனோம். மீன் வறுவல், எண்ணெய் மசாஜ், பரிசல், எல்லாரும் போறதுதான். குளிக்கற எடத்துல என் சின்னப் பையன் காலத் தூக்குனா வெரலுக்கு நடுவுல ஷாம்பு பாக்கெட்டு. இன்னொரு காலத் தூக்குனா ஒரு பழைய துணி சுத்திகிட்டு. பயந்துட்டான், பாம்புன்னு நெனச்சு அலறிட்டான். பக்கத்துல மீன் வறுக்கற அக்கா ஓடி வந்து அந்தத் துணிய உருவி எடுத்துட்டு "தெனமும் இதே வேலை கண்ணு, நாங்க அள்ள அள்ள மேல இருந்து வந்துட்டே இருக்கு"ன்னு சொல்லி ஒரு சாக்கக் காட்டுனாங்க, ரொம்பி நிக்குது. நாங்க பொம்பளைங்க அஞ்சாறு பேரு சேலையத் தூக்கிச் சொருகிட்டு எறங்குனோம், யாரும் யாருகிட்டயும் கேக்கல. ஆம்பளைங்க கொஞ்ச நேரம் பாத்துட்டு அவங்களும் எறங்குனாங்க. ஊரு திரும்பறப்ப பஸ்ல அடுத்த டூர் எங்க, அங்க எவ்வளவு சாக்கு எடுத்துட்டுப் போகணும்னுதான் பேச்சு.

புதுமெம்பர் பாப்பிரெட்டிப்பட்டி

எல்லாம் படிச்சேன். எங்க கிளப் சின்னது, பணம் கெடையாது. ஊர் ஏரியில சீமைக்கருவேலம் அடைச்சுக் கெடக்கு. ஜேசிபி விட்டு எடுக்கலாம்னு நான் சொன்னப்ப கரையில ஆடு ஓட்டிட்டு வந்த பெரியவரு "எடுத்துப்புட்டு என்ன வைப்ப? இதுல காய் உழுந்தாத்தான் கோடையில என் ஆட்டுக்கு தீனி"ன்னு கேட்டாரு. பதில் தெரியல, அதான் உறுத்துது. எதுல இருந்து ஆரம்பிக்கறது?

தகடூர்வாசி

தம்பி, அந்தப் பெரியவர்கிட்டயே போங்க, எந்தப் பக்கம் மேயறதுக்கு விடணும்னு அவரையே காட்டச் சொல்லுங்க. கருவேலத்த வேரோட எடுக்கணும், மேல வெட்டுனா திரும்ப தழைக்கும். ஒரு பக்கம் எடுத்துட்டு அங்க வேற மரம் பிடிச்சப்புறம் அடுத்த பக்கம் போங்க. அதுக்கு முன்னாடி ஏரி யாருதுன்னு பாருங்க, 40 ஹெக்டேருக்கு மேல பாசனம்னா நீர்வளத்துறைகிட்ட (முன்னாடி பொதுப்பணித்துறையில இருந்துச்சு), அதுக்குக் கீழன்னா யூனியன் ஆபீஸ்ல அனுமதி கேட்டு எழுதிக் குடுங்க, அனுமதி இல்லாம ஜேசிபி எறக்காதீங்க. தண்ணி ஊத்த டேங்க் வேணும்னா சொல்லுங்க, பாத்திரக்கடை அண்ணன்கிட்ட கேட்டுட்டேன், அரூர் வரைக்கும் வண்டி வரும்னு சொல்லிட்டாரு.