லைஃப் ஜாக்கெட்டை விமானத்துக்குள்ளேயே ஊதினால் என்ன ஆகும்?

கவிதா:
அடுத்த மாதம் அம்மாவை முதல் முறையாக விமானத்தில் அழைத்துப் போகிறேன். பாதி வழி கடலுக்கு மேல்தான். பாதுகாப்பு விளக்க வீடியோவை முன்கூட்டியே காட்டினேன். "வெளியே போகும்வரை ஊதாதீர்கள்" என்ற இடம் வந்ததும், "எனக்கு நீச்சல் தெரியாது, தண்ணீரைப் பார்த்ததும் முதலில் ஜாக்கெட்டை ஊதும் பிடியைத்தான் இழுப்பேன்" என்று சொல்லிவிட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. உள்ளே ஊதினால் அப்படி என்ன ஆகிவிடும்? 2009-ல் நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் விமானம் இறங்கியதைத் தவிர, பெரிய விமானம் தண்ணீரில் இறங்கி ஆட்கள் பிழைத்தது வேறு எங்காவது உண்டா?

முரளி:
விமானப் பராமரிப்பில் இருக்கிறேன். இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்: உண்டு. 1956-ல் பான் ஆம் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகுரூசர் விமானம் ஒன்று பசிபிக் நடுவே இரண்டு இன்ஜின்களை இழந்தது. கீழே இருந்த அமெரிக்கக் கடலோரக் காவல் கப்பலைச் சுற்றி விடியும்வரை வட்டமடித்துவிட்டு, வெளிச்சம் வந்த பிறகு இறங்கியது. 31 பேரும் பிழைத்தார்கள். 1968-ல் ஜப்பான் ஏர்லைன்ஸின் டிசி-8 விமானம் ஓடுபாதைக்கு முன்பாகவே சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் இறங்கிவிட்டது. 107 பேரும் தப்பினார்கள். அந்த விமானத்தையும் சரிசெய்து மறுபடி பறக்கவிட்டார்கள்.

தண்ணீரில் இறங்கும்போது சக்கரத்தை இறக்க மாட்டார்கள். அது தண்ணீரில் மாட்டினால் மூக்கு குத்திவிடும். இறக்கைகள் சமமாக, மூக்கு கொஞ்சம் தூக்கியபடி வர வேண்டும். ஹட்சனில் இறங்கிய ஏ320 வகை விமானத்தில், தண்ணீர் உள்ளே புகாதபடி வால்வுகளை மூடுவதற்கென்றே ஒரு பொத்தான் உண்டு. 2009-ல் ஹட்சனில், செக்லிஸ்ட்டில் அதை அழுத்தச் சொல்லும் வரிக்குப் போக விமானிகளுக்கு நேரமே கிடைக்கவில்லை. அவர்கள் படித்த செக்லிஸ்ட், அதிக உயரத்தில் இன்ஜின் நின்றால் என்ன செய்வது என்று எழுதப்பட்டது. அழுத்தியிருந்தாலும் பெரிய பலன் இருந்திருக்காது, பின்பக்க அடிப்பகுதி மோதலில் கிழிந்துவிட்டது.

ஸ்டெல்லா:
கவிதா, நான் 11 வருடம் கேபின் க்ரூவாக இருந்தேன். அம்மா சொன்னது ரொம்ப நியாயமான பயம். அதனால்தான் இதை வீட்டிலேயே பேசிவிட வேண்டும் என்கிறேன்.

பயிற்சியில் எங்களை ஜாக்கெட்டோடு நீச்சல் குளத்தில் இறக்குவார்கள். ஊதியதும் அது கழுத்தைச் சுற்றிப் புடைத்து முகத்தை மேலே தூக்கிப் பிடித்துக்கொள்ளும், ஆளை மல்லாக்கப் போட்டுவிடும். மிதக்க அதைவிட நல்லது கிடையாது. ஆனால் முங்கிப் பாருங்கள், முடியாது. நான் இரண்டு கையாலும் தண்ணீரைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன், தலை ஒரு சாண்கூட உள்ளே போகவில்லை. கேபினில் தண்ணீர் ஏறும்போது கதவு உங்கள் தலைமட்டத்துக்குக் கீழே போய்விட்டால்? ஜாக்கெட் உங்களைக் கூரையோடு ஒட்டி நிறுத்திவிடும். வெளியே போகும் வழி காலுக்குக் கீழே இருக்கும்.

1996-ல் இதுதான் நடந்தது. கடத்தப்பட்ட எத்தியோப்பியன் ஏர்லைன்ஸின் போயிங் 767 விமானம், எரிபொருள் தீர்ந்து கொமொரோஸ் தீவுக் கரையருகே கடலில் விழுந்தது. இடது பக்கம் முதலில் தண்ணீரில் இடித்ததால் விமானத்தின் உடல் துண்டு துண்டானது. 175 பேரில் 125 பேர் இறந்தார்கள். மோதலைத் தாண்டிய சிலர், முன்பே ஜாக்கெட்டை ஊதியிருந்ததால் உள்ளேயே மாட்டிக்கொண்டார்கள். இதை எங்களுக்குச் சொன்ன பயிற்சியாளர் அன்று வேறு எதுவும் நடத்தவில்லை.

கவிதா:
ஸ்டெல்லா அக்கா, படித்துக் காட்டினேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "சரி, எப்போது இழுக்க வேண்டும் என்று கேள்" என்றார்.

ஸ்டெல்லா:
கதவு வாசலில் நின்று, வெளியே கால் வைக்கும் நொடியில். சிவப்புப் பிடியைக் கீழ்நோக்கி வெடுக்கென்று இழுக்க வேண்டும். ஜாக்கெட் தானாக ஊதிக்கொள்ளாவிட்டால் தோள் பக்கம் ஒரு குழாய் இருக்கும், வாயால் ஊதலாம்.

இருக்கையில் உட்கார்ந்ததும் ஜாக்கெட் பை எங்கே என்று அம்மாவைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், வெளியே எடுக்க வேண்டாம். அப்படியே முன்னும் பின்னும் பக்கத்துக் கதவுக்கு எத்தனை வரிசை என்று எண்ணிவிடட்டும். ஹட்சனில் பின்கதவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன, பின்னால் இருந்தவர்கள் இருக்கைகளைத் தாண்டி முன்னால் வர வேண்டியிருந்தது. அதனால் இரண்டு பக்கமும் எண்ண வேண்டும். கைப்பையைத் தேடினால் நீங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுங்கள்.