இத்தனை வருடம் கழித்து எதற்குப் பேச வேண்டும் என்கிறார் அண்ணன்

நொய்யல்கரை:

எல்லோருக்கும் வணக்கங்க. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். மகள் கோயமுத்தூரில் காலேஜ் படிக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, அவள் போனில் ஒரு பாட்காஸ்ட் போட்டாள். லண்டனில் ஹாரட்ஸ் என்ற பெரிய கடையை 1985 முதல் 2010 வரை வைத்திருந்த முகமது அல் ஃபயத் பற்றியது. பிபிசிக்காரர்கள் 2024 செப்டம்பரில் வெளியிட்டார்கள். எனக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. நாலு வரிக்கு ஒரு தரம் நிறுத்தித் தமிழில் சொன்னாள்.

அந்தக் கடையில் வேலை பார்த்த இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் பிபிசியிடம் பேசியிருக்கிறார்கள். பாலியல் வன்கொடுமை செய்தார் என்று ஐந்து பேர் சொல்கிறார்கள். ஒரு பெண் 2009ல் வக்கீல் வைத்து வேலையை விட்டு வந்திருக்கிறார். பணம் கொடுத்து, வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கி, கைவசம் இருந்த ஆதாரத்தையெல்லாம் கம்பெனி ஆள் முன்னாலேயே கிழித்துப் போட வைத்தார்கள் என்கிறார். அந்த மனிதர் 2023ல் 94 வயதில் இறந்துவிட்டார். ஒரு நாள்கூடக் குற்றவாளிக் கூண்டில் நிற்கவில்லை.

அப்போது அவிநாசியிலிருந்து அண்ணன் வந்திருந்தார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ஆளு செத்த பொறவு சொல்லி என்ன பிரயோசனம்? இத்தன வருசம் எங்க போயிருந்தாங்களாமா? எல்லாம் காசுக்குத்தான்" என்றார். மகள் சண்டைக்குப் போனாள். நான் வாயே திறக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

2001ல், 17 வயதில், பல்லடம் பக்கம் ஒரு நூல் மில் ஹாஸ்டலில் சேர்ந்தேன். மூன்று வருடம் முடித்தால் மொத்தமாக ஒரு தொகை தருவார்கள், கல்யாணத்துக்கு ஆகும் என்று ஊருக்குள் ஏஜெண்டு வந்து பேசித்தான் கூட்டிப்போனார். 2003ல் ஒரு நைட் ஷிப்டில், கோன் அடுக்கும் அறையில் சூப்பர்வைசர் என்னைப் பிடித்துக்கொண்டார். தப்பித்து ஓடி வந்தேன். அதற்கு அப்புறமும் ரெண்டு தடவை. வார்டனிடம் லேசாக ஆரம்பித்தேன். "நீ ஒழுங்கா இருந்தா அவன் ஏன் தொடப் போறான்" என்று அதோடு முடித்துவிட்டார். அப்போது தொகைக்கு இன்னும் எட்டு மாதம் பாக்கி. பேசினால் வேலை போகும், ரெண்டு வருடம் நின்று ஓட்டியதும் போகும். லண்டனில் கையெழுத்து வாங்கினார்கள், எனக்கு அந்த எட்டு மாதம். பணம் வந்ததும் பேசலாம் என்று இருந்தேன். வந்தது, உடனே கல்யாணம். அதற்குப் பிறகு எப்படிப் பேசுவது?

இன்னொரு பயமும் உண்டு. 2019ல் பொள்ளாச்சி விவகாரம் வெளியே வந்தபோது ஒரு பெண்பிள்ளை அழும் குரல் போன் போனாகச் சுற்றியது. பஸ்ஸில் முன் சீட்டில் ஒருவர் சத்தமாகப் போட்டுக் கேட்டார். நம் குரலும் அப்படி ஆகிவிடுமோ என்று நினைத்தேன்.

அண்ணனுக்கு என்ன பதில் சொல்வது? இனிமேல் சொல்வதில் ஏதாவது இருக்கிறதா? இந்த மாதிரி நிகழ்ச்சிகளில் பேசினால் யார் என்று தெரியாமல் காப்பாற்றுவார்களா?

கோபாலபுரம் வக்கீல்:

அக்கா, கோவை கோர்ட்டில் பிராக்டிஸ் செய்கிறேன். ஆசை காட்டாமல் சொல்லிவிடுகிறேன். 2003ல் நடந்தது அன்றைய இந்திய தண்டனைச் சட்டம் 354வது பிரிவில், அதாவது பெண்ணின் மானத்துக்குப் பங்கம் செய்வதில் வரும். அப்போது அதற்கு அதிகபட்சம் ரெண்டு வருடம்தான் தண்டனை. அந்த அளவு தண்டனையுள்ள குற்றத்துக்கு மூன்று வருடத்துக்குள் வழக்கு வந்திருக்க வேண்டும். தாமதத்தை மன்னிக்க கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு, ஆனால் 22 வருடம் என்பது ரொம்பக் கஷ்டம். பலாத்காரம் மாதிரி பெரிய குற்றமென்றால் இந்தக் காலவரம்பே கிடையாது. உங்கள் அண்ணனுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

பெயர் சொல்லி ஃபேஸ்புக்கில் எழுத வேண்டாம், அவதூறு வழக்கு போடுவார்கள். பத்திரிகை ஆசிரியராக இருந்து மத்திய அமைச்சரான எம்.ஜே. அக்பர், பத்திரிகையாளர் பிரியா ரமணி மேல் போட்டாரே. 1993ல் அக்பர் தன்னிடம் தவறாக நடந்ததை ரமணி 2018ல் அவர் பெயரோடு வெளியே சொன்னார். 2021 பிப்ரவரியில் டெல்லி கோர்ட் ரமணியை விடுவித்தது. எத்தனை வருடம் கழிந்தாலும், தான் விரும்பும் எந்த இடத்திலும் ஒரு பெண் தன் குறையைச் சொல்லலாம் என்று தீர்ப்பிலேயே இருக்கிறது. அக்பர் மேல்முறையீடு போனார். ரமணி ஜெயித்தாலும் கோர்ட்டுக்கு நடந்த நாள் நடந்ததுதான்.

பொள்ளாச்சியைப் பயமாக மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். புகார் கொடுத்த பெண்ணின் பெயரைப் போலீஸ் அதிகாரியே வெளியிட்டார். அதற்காக 25 லட்சம் கொடுக்கச் சொல்லி ஹைகோர்ட் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அப்படியும் பெண்கள் சாட்சிக் கூண்டில் நின்று பேசினார்கள், ஒரு சாட்சிகூடப் பிறழவில்லை. 2025 மே 13 அன்று எங்கள் கோவை மகளிர் கோர்ட்டில் குற்றம் சாட்டப்பட்ட ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள்தண்டனை. அன்று கோர்ட் வளாகத்தில் நின்றிருந்தேன். இதை எழுதும்போதும் கண் கலங்குகிறது.

ஈரோடு ஒலிக்கூடம்:

நான் ஆடியோ எடிட்டிங் செய்பவன். குரலைத் தடியாக்கியோ கீச்சாக்கியோ போட்டால் போதும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அதைத் திரும்பப் பழைய குரலாக மாற்ற முடியும். ஒழுங்காகச் செய்கிறவர்கள் வேறொருவரைப் பேச வைத்துப் பதிவு செய்வார்கள். ஆனால் ஆளைக் காட்டிக்கொடுப்பது குரலைவிடத் தகவல்தான். "கோன் அடுக்கும் அறை", "எட்டு மாதம் பாக்கி" என்று நீங்கள் எழுதியதைக்கூட, ஒலிபரப்புவதாக இருந்தால் உங்களைக் கேட்டுத்தான் வைப்பதா எடுப்பதா என்று நான் முடிவு செய்வேன். வெளிவருவதற்கு முன் உங்களுக்குப் போட்டுக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அந்த பஸ்ஸில் ஓடிய குரலை வெளியே விடலாமா என்று அந்தப் பெண்ணை யாரும் கேட்கவில்லை. இது நீங்களாகக் கொடுப்பது.

அப்புறம், அழுதால் நம்பிவிடுவார்கள் என்பது கிடையாது. சம்பளச் சீட்டு, ஹாஸ்டல் அட்டை, கடுதாசி எல்லாம் கேட்பார்கள். ஒருவரையொருவர் தெரியாத ரெண்டு பெண்கள் ஒரே மாதிரி சொல்கிறார்களா என்று பார்ப்பார்கள். குற்றம் சாட்டப்பட்டவரிடமும் பதில் கேட்பார்கள். முதலில் கேட்பது, "அன்றைக்கு யாரிடமாவது சொன்னீர்களா?" உங்களுக்கு அப்படி யாராவது உண்டா?

மஞ்சள்மண்டி:

அம்மணி, நானும் உங்கள் அண்ணன் கேட்டதையே கேட்டவன். என் தங்கை ஒரு நாள், "நீ அப்படிக் கேப்பேன்னுதான் உன்கிட்டச் சொல்லல" என்றாள். அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. நான் கேட்கவும் துணியவில்லை. ஆறு வருடம் ஆகிறது.

நொய்யல்கரை:

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. மஞ்சள்மண்டி அண்ணா எழுதியதை அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். எதுவும் பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலையில் போன் செய்து, "எந்த மில்லு?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன்.

ஈரோட்டுத் தம்பி கேட்டதற்கு: ஒருத்தி இருந்தாள். ஹாஸ்டலில் பக்கத்துப் பாய். இப்போது தாராபுரம் பக்கம் இருக்கிறாள், பேசிப் பல வருடம் ஆகிறது. யார் யாரையோ பிடித்து நம்பர் வாங்கி நேற்று கூப்பிட்டேன். ஞாபகம் இருக்கிறதா என்று சுற்றி வளைத்துத்தான் ஆரம்பித்தேன். நான் முடிப்பதற்குள், "காரணம்பேட்டை தாண்டுறப்ப பஸ்ஸுல சொன்னே, பொங்கல் லீவுக்குப் போறப்ப. சன்னல் பக்கம் நீதான் உக்காந்திருந்தே" என்றாள். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் அவள், "அந்த ரூமுக்கு என்னையும் அனுப்புனாங்க" என்றாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை தாராபுரம் போகிறேன். மகளும் வருகிறாள்.