மாடியில் எடுத்தால் என் குரல் அவருக்குக் கேட்பதில்லை. போன் ஆந்திரா டவரைப் பிடிக்கிறது. என்ன செய்யலாம்?

மாடித்தையல்:
வணக்கம். காட்பாடியிலிருந்து சித்தூர் போகும் ரோட்டில், கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் உள்ள கிராமம் எங்களுடையது. கீழே மாமியார் இருக்கிறார், மாடி அறையில் நான் தைக்கிறேன். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். ராத்திரி பத்து, பத்தரைக்கு வண்டியை எங்காவது ஓரம் கட்டிவிட்டுக் கூப்பிடுவார். மணி நன்றாக அடிக்கிறது. அவர் பேசுவது எனக்குக் கேட்கிறது, நான் பேசுவது அவருக்குக் கேட்பதில்லை. நாலு தடவை "ஹலோ" சொல்லிப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறார். அதே போனைக் கீழே எடுத்துப்போய் நான் கூப்பிட்டால் ஒரு குறையும் இல்லை.

டவர் வீட்டுக்குத் தெற்கே, நடந்தால் பத்து நிமிடம். அப்படி இருந்தும் வாரத்தில் நாலு நாள் "ஆந்திராவுக்கு நல்வரவு" என்று மெசேஜ் வருகிறது. பக்கத்தில் இருப்பதை விட்டுவிட்டு மலைக்கு அந்தப் பக்கம் இருப்பதை ஏன் பிடிக்கிறது? ஏரோப்ளேன் மோட் போட்டு எடுத்தாயிற்று, சிம்மைக் கழற்றித் துடைத்தும் போட்டாயிற்று.

திருவலம் தம்பி:
அக்கா, சிம்மையே மாற்றிவிடுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் சரியானது.

ராணிப்பேட்டை ஆன்டெனா:
அவசரப்பட்டு மாற்ற வேண்டாம் சகோதரி. நான் டவர் பராமரிப்பு வேலையில் இருப்பவன். முதலில் போன் எதைப் பிடித்திருக்கிறது என்று பார்த்துவிடலாம். ஆண்ட்ராய்டு போன் என்றால் டயல் செய்யும் இடத்தில் *#*#4636#*#* என்று அடியுங்கள். சில போன்களில் திறக்காது, அப்போது நெட்மான்ஸ்டர் மாதிரி ஒரு ஆப் போட்டுக்கொள்ளுங்கள். மைனஸ் போட்டு டிபிஎம் என்று ஒரு எண் இருக்கும், அதுதான் சிக்னலின் பலம்; மைனஸுக்குப் பின் எண் பெரிதாகப் பெரிதாக சிக்னல் குறைவு. 404 அல்லது 405 என்று தொடங்கும் நெட்வொர்க் எண்ணும் இருக்கும். இரண்டையும் கீழே, மாடி ஜன்னலோரம், நீங்கள் உட்கார்ந்து பேசும் இடம் என மூன்று இடத்தில் எழுதி வாருங்கள். அப்புறம், போன் சும்மா இருக்கும்போது எங்கே கிடக்கும்?

மாடித்தையல்:
கீழே –98. மாடியில் வடக்கு ஜன்னலோரம் –97, ஆனால் நெட்வொர்க் எண்ணின் கடைசி இலக்கங்கள் வேறு. போன் கிடப்பது அந்த ஜன்னல் திட்டில்தான், சார்ஜர் பிளக் அங்கேதான் இருக்கிறது. மணி அடித்தால் எடுத்துக்கொண்டு உள்ளே கட்டிலுக்கு வந்துவிடுவேன், மிஷின் மேல் துணி கிடக்கும். கட்டிலில் –118 காட்டுகிறது, நெட்வொர்க் எண் ஜன்னலில் வந்ததேதான்.

ராணிப்பேட்டை ஆன்டெனா:
விஷயமே அந்த ஜன்னல் திட்டில்தான் இருக்கிறது.

போனுக்குத் தூரம் தெரியாது, காதில் விழும் சத்தம்தான் தெரியும். யாரும் பேசாதபோது எந்த டவரில் உட்காருவது என்பதைப் போனே முடிவு செய்கிறது. டவர்கள் ஒலிபரப்பும் விதிகளை வைத்துக்கொண்டு சுற்றி அளந்து பார்க்கும். இப்போதிருப்பதைவிட இன்னொன்று குறிப்பிட்ட அளவு பலமாக, சில வினாடிகள் தொடர்ந்து கேட்டால் அதற்கு மாறிவிடும். உங்கள் வடக்கு ஜன்னலுக்கு நேரே தடையில்லாமல் சித்தூர் பக்கம் தெரிகிறது. தெற்கு டவருக்கோ நடுவில் சுவர், மாடிப்படி எல்லாம் இருக்கின்றன. ஜன்னல் திட்டில் கிடக்கும் போனுக்கு ஆந்திராதான் பக்கம்.

பேச ஆரம்பித்த பிறகு கதை வேறு. அப்போது போன் அளந்து சொல்ல மட்டும்தான் செய்யும், மாற்றுவது நெட்வொர்க். தொலைத்தொடர்புக் கணக்கில் நம்முடையது தமிழ்நாடு வட்டம், அது ஆந்திரா வட்டம். எல்லையில் அந்த டவருக்கு நம் டவரைப் பக்கத்து டவராகச் சேர்த்து வைக்கவில்லை என்றால் பேச்சைக் கைமாற்ற வழியில்லை. நீங்கள் கட்டிலுக்குப் போனாலும் அந்த டவரையே பிடித்துத் தொங்க வேண்டியதுதான்.

குரல் ஒரு பக்கம் மட்டும் போவதற்கும் காரணம் இருக்கிறது. டவர் 20, 40 வாட் சக்தியில் பேசுகிறது. நம் 4ஜி போன் அதிகபட்சம் 0.2 வாட்தான். ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் 21 டெசிபல் வித்தியாசம் என்கிறீர்கள். 10 டெசிபல் குறைந்தால் பத்தில் ஒரு பங்கு, 20 என்றால் நூற்றில் ஒரு பங்கு. அந்த நிலையிலும் டவர் சொல்வது உங்களுக்கு எட்டிவிடும், நீங்கள் சொல்வது மலையைத் தாண்டி அங்கே போய்ச் சேராது.

ஏரோப்ளேன் மோட் ஏன் உதவவில்லை என்றால், பெரும்பாலும் போன் கடைசியாக இருந்த நெட்வொர்க்கைத்தான் முதலில் தேடும். செட்டிங்கில் நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து மாற்றித் தேடவிடுங்கள். உங்கள் கம்பெனி பெயர் இரண்டு முறை வந்தால் தமிழ்நாட்டு எண்ணுள்ளதைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் இரண்டையும் சமமாக நினைத்துக்கொள் என்று நெட்வொர்க்கே போனுக்குச் சொல்லியிருந்தால் அதுவும் நிற்காது. அதனால் முதல் வேலையாக சார்ஜரைத் தெற்குப் பக்கம் மாற்றுங்கள்.

பேரணாம்பட்டு பயணி:
அண்ணன் சொல்வது சரி. ஒரு எச்சரிக்கை மட்டும். நானும் அப்படித் தேர்ந்தெடுத்து வைத்துவிட்டு ஆந்திராவில் இருக்கும் வி.கோட்டாவுக்குப் போனேன். பத்தலப்பள்ளி மலைப்பாதையில் ஏறினதும் நெட்வொர்க் போனது, மாலை திரும்பும் வரை வரவேயில்லை. வீட்டில் தேடித் தவித்துவிட்டார்கள். எல்லை தாண்டும் முன் தானியங்கிக்கு மாற்றிவிட வேண்டும்.

மாடித்தையல்:
மூன்று நாள் பார்த்துவிட்டு எழுதுகிறேன். பெயர் இரண்டு முறை வந்தது. தமிழ்நாட்டு எண்ணைத் தேர்ந்தெடுத்தேன், ஆனால் மறுநாள் காலையில் ஜன்னல் திட்டில் மறுபடியும் ஆந்திரா எண். அதனால் எக்ஸ்டென்ஷன் போர்டு வாங்கி, படிக்கட்டுப் பக்கத்துச் சுவரில் போன் வைக்கப் பலகை அடித்தேன். இப்போது அங்கே –106, நம் எண்தான். கோடு இரண்டுதான் காட்டுகிறது. நேற்று ராத்திரி ஓசூர் தாண்டி நின்று கூப்பிட்டார். கட்டிலில் உட்கார்ந்தே இருபது நிமிடம் பேசினோம், ஒரு "ஹலோ"கூடத் திரும்பக் கேட்கவில்லை.

ராணிப்பேட்டை ஆன்டெனா:
ரொம்ப சந்தோஷம். கம்பெனியில் ஒரு புகாரும் போட்டு வையுங்கள். "சிக்னல் இல்லை" என்று எழுதினால் வந்து கீழே நின்று அளந்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று மூடிவிடுவார்கள். ஜன்னலில் காட்டிய நெட்வொர்க் எண், செல் எண் (உங்கள் போன் நம்பர் இல்லை, பிடித்திருக்கும் டவரின் அடையாள எண்), நேரம் மூன்றையும் எழுதுங்கள். அந்த ஆன்டெனாவைக் கொஞ்சம் கீழே சாய்த்தாலோ, நம் டவரைப் பக்கத்து டவராகச் சேர்த்தாலோ உங்கள் தெருவுக்கே தீரும்.

மாடித்தையல்:
செல் எண்ணைத் துணி அளவு நோட்டில் குறித்துவிட்டேன் அண்ணா. பக்கத்து வீட்டிலும் இரண்டு பேருக்கு இதே தொந்தரவு. மூன்று புகாராகப் போடுகிறோம்.