சாப்பிடப் போனது இருபது நிமிடமா, அதற்கும் மேலா?

மூதூர்க்காரி (காலை 6.10)
நேற்று இரவு உவர்மலையான் இந்தக் கம்பஸ் குழுவில் எழுதியதைப் பஸ்ஸில் இருந்தபடி வாசித்தேன். "நூலகத்தில் ஃபேனுக்குக் கீழே, பிளக் பொயின்ட் பக்கத்தில் விடியவே வந்து பிடித்த இடம். சாப்பிடப் போன இருபது நிமிடத்தில் ஒரு ஜூனியர் பறித்துவிட்டாள். இந்தக் காலத்து ஜூனியர்களுக்கு மரியாதை தெரியாது." அந்த ஜூனியர் நான்தான். பெயர் போடாவிட்டாலும் என் பெட்ச் முழுக்கத் தெரியும், அதனால் பேசாமல் இருக்க முடியவில்லை.

இருபது நிமிடம் இல்லை. ஒன்று ஐம்பதுக்கு நூலகத்து மேல்மாடிக்கு ஏறினேன். ஒரு கதிரை கிடைக்கவில்லை. இரண்டு தரம் சுற்றி வந்தேன். ஆள் இல்லாத கதிரைகள் எட்டு எண்ணினேன், எட்டின் முன்னாலும் ஏதோ ஒரு பொருள்: கொப்பி, குடை, கல்குலேட்டரின் வெறும் மூடி. உங்கள் மேசையில் ஒரு தண்ணீர்ப் போத்தல் மட்டும். அதைத் தூக்கினேன். மேசைத் தூசியில் போத்தலின் அடி வட்டமாகப் பதிந்து காய்ந்து கிடந்தது. விரலால் தொட்டும் பார்த்தேன், ஈரமே இல்லை. போத்தலும் வெதுவெதுப்பு. இருபது நிமிடத்துக்கு முன் வைத்த போத்தல் அப்படி இருக்காது.

உவர்மலையான் (காலை 8.25)
தங்கச்சி, உங்கள் பெயரை நான் எழுதவில்லை. நீங்களாக வந்து நான்தான் என்கிறீர்கள். சரி, கதைப்போம். ஒன்று நாற்பதுக்கு இறங்கினேன். ஒரு சோற்றுப் பார்சல். சரியாக இரண்டு மணிக்கு மாடிக்குத் திரும்பி வந்துவிட்டேன். போத்தல் அப்போதுதான் கடையில் வாங்கிய குளிர்த் தண்ணி. பொருள் இருந்தால் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். நாலு வருடமாக இங்கே இதுதான் வழக்கம். பஸ்ஸில் ஒருவர் லேஞ்சி (கைக்குட்டை) போட்டு வைத்த சீட்டில் நீங்கள் போய் இருப்பீர்களா?

மூதூர்க்காரி (காலை 8.41)
லேஞ்சி போட்டவர் பஸ் வெளிக்கிட முதல் வந்து இருந்துவிடுவார், அண்ணா. பஸ் கிண்ணியாப் பாலம் தாண்டும் வரைக்கும் லேஞ்சி மட்டும் பயணம் செய்யாது.

குளிர்த் தண்ணி என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், நன்றி. குளிர்ப் போத்தல் குளிர் விடும் வரைக்கும் வியர்த்துக்கொண்டே இருக்கும். வியர்க்கும் வரைக்கும் அடியில் ஈரம் இருக்கும். வியர்வை நின்ற பிறகுதான் வட்டம் காயத் தொடங்கும். ஒரு லீற்றர் தண்ணீர் இருபது நிமிடத்தில் குளிர் விட்டு, வியர்வை நின்று, வட்டமும் காய்ந்ததா? சாதாரண தரத்தில் விஞ்ஞானம் படித்த பிள்ளைக்கே இது விளங்கும்.

வடமராட்சியான் (காலை 9.05)
இது சோளகக் காலம். இந்தக் காற்றில் ஹோஸ்டல் கொடியில் போட்ட ஈரச் சாரமே அரை மணித்தியாலத்தில் காய்கிறது. ஒரு போத்தல் வட்டம் காய எவ்வளவு நேரம் வேண்டும்? அண்ணன் சொல்வது சரி.

பாலையூற்றான் (காலை 9.12)
தம்பி, திருகோணமலையில் நின்றுகொண்டு சோளகம் என்று சொல்லாதீர்கள். இங்கே இது கச்சான் காற்று.

வடமராட்சியான் (காலை 9.20)
சோளகம் தெற்கால் வரும், கச்சான் மேற்கால் வரும். இரண்டும் வேறு. எங்கள் ஊரில் மீன்பிடிக்கிற சின்னப் பெடியனுக்கும் தெரியும்.

பாலையூற்றான் (காலை 9.33)
உங்கள் ஊர்ப் பெடியன் உங்கள் ஊர்க் கடலில் சொல்லட்டும். மலைநாட்டின் மேற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்த காற்றாக எங்கள் பக்கம் இறங்குவதைத்தான் பரம்பரையாகக் கச்சான் என்கிறோம். வருகிற எல்லோரும் எங்கள் ஊரில் படித்துவிட்டு எங்கள் சொல்லையே திருத்தப் பார்க்கிறார்கள்.

மூதூர்க்காரி (காலை 9.40)
காற்றின் பெயர் எதுவாகவும் இருக்கட்டும். காற்று காய்ந்தது என்றால் போத்தல் வியர்ப்பதும் குறையும், ஆனால் ஒரு லீற்றர் தண்ணீர் குளிர் விட நேரம் எடுக்கத்தான் செய்யும். போத்தல் ஏன் வெதுவெதுப்பாக இருந்தது? அதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

புத்தகப்பூச்சி (காலை 10.02)
நான் இரண்டு பேர் பக்கமும் இல்லை. ஆனால் நூலகம் என்றால் என்ன என்று முதலில் யோசிக்க வேண்டும். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணக்கு வாத்தியாராக இருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். முதல் விதி, நூல்கள் பயன்படுத்துவதற்கே. நாலாவது, வாசகரின் நேரத்தைச் சேமி. இரண்டு சுற்றுச் சுற்றியும் இடம் கிடைக்காத பிள்ளையின் நேரம் யார் கணக்கில் போகிறது?

உவர்மலையான் (காலை 10.15)
ரங்கநாதன் போத்தலைப் பற்றி ஏதாவது சொன்னாரா? ஐந்து விதியில் எந்த விதியில் கதிரை வருகிறது? நான் கேட்பது ஒன்றுதான்: இருபது நிமிடம் சாப்பிட ஒரு மனிதனுக்கு உரிமை இல்லையா?

மூதூர்க்காரி (காலை 10.31)
இருபது நிமிடம் இல்லை என்பதுதான் நான் சொல்வது! இருபது நிமிடம் என்றால் நான் நின்றுகொண்டே காத்திருந்திருப்பேன்.

என் நாளையும் கேளுங்கள். விடிய முதல் பஸ். டவுன் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அங்கே மேய்கிற மான்களிடமிருந்து சாப்பாட்டுப் பார்சலைக் காப்பாற்றி, அடுத்த பஸ் எடுத்து வரும்போது எட்டு மணி விரிவுரை தொடங்கப் போகிறது. அது முடிந்து நூலகத்துக்குப் போனால் எல்லாக் கதிரையிலும் பொருள். எனக்கு வேண்டிய புத்தகம் இரவல் பிரிவில் இல்லை, ஸ்கெடியூல்ட் ரெபரன்ஸில் இருக்கிறது. வெளியே கொண்டுபோக முடியாது. உள்ளே இருந்துதான் வாசிக்க வேண்டும். கதிரை இல்லை என்றால் எனக்குப் புத்தகமே இல்லை, அண்ணா. நேற்று அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு அலுமாரிகளுக்கு நடுவில் நின்று ஆறு பக்கம் வாசித்தேன். பிறகுதான் உங்கள் கதிரைக்கு வந்தேன். பின்னேரம் பஸ்ஸைத் தவறவிட்டால் வீட்டில் அம்மா வாசலில் நிற்பா.

உவர்மலையான் உள்ளூர்க்காரர். வீட்டில் மேசை இருக்கும், ஃபேன் இருக்கும்.

உவர்மலையான் (காலை 10.50)
என் வீட்டைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? எங்கள் வீட்டில் ஒரே மேசை. அதில் அப்பாவின் தையல் மெஷின் இருக்கிறது. விடிய ஐந்தரைக்கு எழும்பி, நூலகம் திறக்கும்போது வாசலில் நிற்கிறவன் நான். தூரத்திலிருந்து வருகிறவருக்கு மட்டும்தான் கஷ்டம் என்று நினைக்காதீர்கள். கடைசி வருடம், ஆய்வறிக்கை முடிக்க வேண்டும், லெப்டொப் பற்றரி அரை மணித்தியாலம்கூட நிற்காது. அந்தப் பிளக் பொயின்ட் இல்லாமல் நான் என்ன செய்ய?

இன்னொன்று. நீங்கள் என் போத்தலை நிலத்தில் வைத்தீர்கள். குடிக்கிற தண்ணியை நிலத்தில் வைப்பதுதான் மரியாதையா?

மூதூர்க்காரி (காலை 10.54)
நிலத்தில் இல்லை. சன்னல் கட்டில் வைத்தேன். மூடியை இறுக்கிவிட்டு வைத்தேன்.

வடமராட்சியான் (காலை 11.08)
பஸ்ஸில் வருகிறவர்கள் ஹோஸ்டல்காரரைப் பற்றியும் பேசுங்கள் பார்ப்போம். ஒரு அறையில் ஆறு பேர். ஒருவர் நித்திரை, ஒருவர் போனில் கதை, நடுவில் குப்பி, அதுதான் மாணவர்களே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற வகுப்பு, நடக்கிறது. எங்களுக்கும் நூலகம்தான் கதி.

பாலையூற்றான் (காலை 11.15)
குப்பியை நூலகத்துக்குள் நடத்துவதும் ஹோஸ்டல்காரர்தான். போன கிழமை உங்கள் ஆட்கள் ஏழு பேர் நாலு பேர் மேசையில் இருந்து புள்ளிவிபரவியல் கணக்குச் சத்தமாகச் செய்தார்கள். நான் காதைப் பொத்திக்கொண்டு வாசித்தேன்.

வடமராட்சியான் (காலை 11.19)
அந்தக் குப்பியில் பாஸ் பண்ணினவர்களில் உங்கள் பெட்ச் ஆட்களும் இருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள்.

பழைய பெட்ச் (மதியம் 12.20)
வாசிக்கவே மனம் நோகிறது. நாங்கள் படித்தபோது கிண்ணியாவில் பாலம் இல்லை. 2009இல்தான் திறந்தார்கள். பாதைப் படகில் ஏறி, தண்ணீரைக் கடந்து, நனைந்த புத்தகத்தோடு வந்தோம். அப்போது சன்னல் ஓர மேசை கடைசி வருடத்துக்கு என்று எல்லோருக்கும் தெரியும். எந்த ஜூனியரும் போய் இருக்க மாட்டார். ஒருவரை ஒருவர் மதித்தோம்.

புத்தகப்பூச்சி (மதியம் 12.34)
ஐயா, ஜூனியர் போய் இருக்கப் பயந்த மேசை என்று சொல்லுங்கள். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதை (ராகிங்) தடைச் சட்டம் அப்படிப்பட்ட பழக்கங்களுக்காகத்தான் வந்தது.

பழைய பெட்ச் (மதியம் 12.41)
பகிடிவதையா? மேசையில் மரியாதை கொடுப்பது பகிடிவதையா? நாங்கள் ஒரு பிள்ளையின் மேலும் கை வைத்ததில்லை. உங்களைப் போல் சட்ட இலக்கம் மனப்பாடம் செய்து சீனியரை அவமதிக்கவும் இல்லை. இந்த வார்த்தையை நீங்கள் திரும்பப் பெற வேண்டும்.

புத்தகப்பூச்சி (மதியம் 12.44)
பெற மாட்டேன்.

உவர்மலையான் (பிற்பகல் 1.30)
மற்றவர்கள் வேறு கதை கதைக்கட்டும். நான் வீட்டில் செய்து பார்த்தேன். போத்தலை மேசையில் வைத்து எடுத்தேன், வட்டம் பதினாலு நிமிடத்தில் காய்ந்தது. படமும் எடுத்து வைத்திருக்கிறேன். இருபதுக்குள் காயும். முடிந்தது கதை.

மூதூர்க்காரி (பிற்பகல் 1.37)
போத்தலை வைத்து "எடுத்தீர்கள்". நூலகத்தில் போத்தல் எடுக்கப்படவில்லை, வட்டத்தின் மேலேயே இருந்தது. போத்தல் இருக்கும்போது அடியில் காற்றே போகாது. மேலும் உங்கள் வீட்டு மேசை மரம், ஈரத்தை உறிஞ்சும். நூலகத்து மேசையில் பளபளப்பான ஃபோர்மிக்கா ஒட்டியிருக்கிறது, உறிஞ்சாது. போத்தலை எடுக்காமல் செய்து பாருங்கள். குளிர்த் தண்ணி, ஒரு லீற்றர், நிறைய.

உவர்மலையான் (பிற்பகல் 1.52)
நிறைய இருந்தது என்று யார் சொன்னது? அரைப் போத்தல்தான். குளிர் என்றால் ஐஸ் என்று நான் சொல்லவில்லை. சாதாரணக் குளிர்.

மூதூர்க்காரி (பிற்பகல் 1.55)
காலையில் "அப்போதுதான் கடையில் வாங்கிய குளிர்த் தண்ணி". இப்போது அரைப் போத்தல், சாதாரணக் குளிர். அப்போதுதான் வாங்கிய போத்தலில் பாதி எப்போது குடித்தீர்கள்? மேலே எழுதியது எல்லோருக்கும் தெரிகிறது, அண்ணா.

உவர்மலையான் (பிற்பகல் 2.03)
தாகம் எடுத்தால் ஒரு மனிதன் ஒரே மூச்சில் பாதி குடிக்க மாட்டானா? ஓகஸ்ட் வெயில். இருபது நிமிடம்தான். நான் செத்தாலும் இதைத்தான் சொல்வேன்.

பாலையூற்றான் (பிற்பகல் 2.10)
கச்சான் காலத்தில் தாகம் எடுக்கும், அதை ஒத்துக்கொள்கிறேன்.

வடமராட்சியான் (பிற்பகல் 2.11)
சோளகம்.

புத்தகப்பூச்சி (பிற்பகல் 2.30)
சில நாட்டு நூலகங்களில் எழும்பிப் போகிறவர் ஒரு அட்டையில் நேரத்தை எழுதி மேசையில் வைத்துவிட்டுப் போவார். குறித்த நேரம் தாண்டினால் வேறு ஆள் இருக்கலாம். பழைய பேப்பர் மட்டையும் ஒரு பேனையும் போதும். பெட்ச் பிரதிநிதிகள் சேர்ந்து கேட்டால் என்ன?

உவர்மலையான் (பிற்பகல் 2.38)
அட்டையில் ஒன்று நாற்பது என்று எழுதியிருந்தாலும் இவ நம்பியிருக்க மாட்டா. வட்டத்தைத்தான் தொட்டுப் பார்த்திருப்பா.

மூதூர்க்காரி (பிற்பகல் 2.46)
ஓம், தொட்டுப் பார்த்திருப்பேன். எழுதுகிற நேரத்தை யாரும் எழுதலாம்.

பழைய பெட்ச் (பிற்பகல் 2.50)
பகிடிவதை என்று சொன்னவர் இன்னும் திரும்பப் பெறவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மூதூர்க்காரி (பிற்பகல் 3.15)
எனக்கு மூன்றரைக்குப் பஸ். நாளைக்கு எட்டு மணி விரிவுரை இல்லை, நேராக நூலகத்துக்குத்தான் வருகிறேன். அந்தக் கதிரையில் ஆள் இருந்தால் பக்கத்தில் நின்று வாசிப்பேன். போத்தல் மட்டும் இருந்தால் அது சன்னல் கட்டுக்குப் போகும். அடியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வைப்பேன்.

உவர்மலையான் (பிற்பகல் 3.17)
நாளைக்குக் கொப்பியும் வைப்பேன். இருபது நிமிடம்.