காலையில் 62, சாயங்காலம் 60. என் கால் ஏன் இப்படி ஏமாற்றுகிறது?

ஓட்டக்காரி_மதுரை:
காலேஜ் இரண்டாம் வருடம், 400 மீட்டர் ஓடுகிறேன். தினமும் காலை ஐந்தரைக்குப் பயிற்சி. டிரையல் வைத்தால் 62 விநாடிக்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்கிறது. ஆனால் போன மாதம் ஒரு மீட்டில், அதாவது போட்டியில், சாயங்காலம் ஐந்து மணிக்கு ஓடியபோது 60.1! கோச் இதைக் காலைச் சோம்பேறித்தனம் என்கிறார், நானோ ஒன்பதரைக்கே படுத்துவிடுகிற ஆள். அடுத்த மீட்டில் ஹீட்ஸ் (ஃபைனலுக்கு முந்தைய தகுதிச் சுற்று) காலை எட்டு மணிக்கு, அதில் கோட்டை விட்டால் சாயங்கால ஃபைனலுக்கு எங்கே போவது? அப்புறம், பீரியட்ஸுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? கோச்சிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

பழைய_பிடி_மாஸ்டர்:
சோம்பேறித்தனம் இல்லைம்மா. உடம்பின் உள்சூடு விடியற்காலை நாலு, ஐந்து மணிவாக்கில்தான் அடிமட்டத்தில் இருக்கும், அங்கிருந்து மெல்ல ஏறி சாயங்காலம் ஐந்து, ஆறு மணிக்கு உச்சத்துக்குப் போகும். வித்தியாசம் என்னவோ ஒரு டிகிரிக்குள்தான், ஆனால் தசை வெடுக்கென்று சுருங்க அது போதும். அதனால் ஸ்பிரிண்ட், ஜம்ப் மாதிரியானவற்றில்தான் இது அதிகம் தெரியும். மாரத்தான் கணக்கு வேறு, அங்கே வெயிலும் புழுக்கமும்தான் எமன். 2019 தோஹா உலக சாம்பியன்ஷிப்பில் பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் வைத்தும் 68 பேரில் 28 பேர் பாதியிலேயே நின்றுவிட்டார்கள்.

ஃபிசியோ_மாணவி:
மாஸ்டர் சொல்வது சரி, ஆனால் மொத்தப் பழியையும் கடிகாரத்தின் மேல் போடாதே தங்கச்சி. 2004 முதல் 2016 வரை நான்கு ஒலிம்பிக்கில் நீந்திய 144 பேரின் நேரத்தை ஆராய்ந்திருக்கிறார்கள், அதில் பாதிப் பேர் பெண்கள். சாயங்காலம் 5.12 வாக்கில்தான் வேகம் அதிகம், ஆனால் சராசரியைவிட வெறும் 0.37 சதவீதம். உன் 60 விநாடியில் அது கால் விநாடிகூட இல்லை! ஒலிம்பிக் ஆட்களோடு உன்னை ஒப்பிட முடியாது, உனக்குக் கூடுதலாகவே இருக்கலாம், ஆனாலும் இரண்டு விநாடி ரொம்ப அதிகம். டிரையலில் ஸ்பைக்ஸ், அதான் அடியில் ஆணி வைத்த ஓட்ட ஷூ, போட்டாயா? பக்கத்து லேனில் யாராவது ஓடினார்களா? மீட்டில் இரண்டும் இருந்திருக்கும்.

பீரியட்ஸ் விஷயத்தில் கூச்சமே வேண்டாம். கருமுட்டை வெளியான பிறகு ஓய்வில் இருக்கும்போதே உடம்புச் சூடு 0.3 முதல் 0.5 டிகிரி வரை ஏறி, அடுத்த பீரியட்ஸ் வரும்வரை அப்படியே இருக்கும். அந்த நாட்களில் காலைக்கும் மாலைக்கும் உள்ள சூட்டு இடைவெளியும் கொஞ்சம் சுருங்கும். 78 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2020 கட்டுரை ஒன்று, பீரியட்ஸின் முதல் சில நாட்களில் திறன் துளியூண்டு குறையலாம், அதுவும் ஆளுக்கு ஆள் மாறும் என்கிறது. ஆகவே டைமிங் எழுதும் நோட்டிலேயே மணி எத்தனை, பீரியட்ஸ் சைக்கிளில் எத்தனையாவது நாள் என்று இரண்டையும் எழுது. மூன்று நான்கு மாதத்தில் உன் கதை உனக்கே தெரிந்துவிடும்.

இருட்டுவதற்குள்_வீடு:
நானும் ஒரு காலத்தில் 800 ஓடியவள்தான். நாம் காலையில் ஓடுவது அறிவியலுக்காகவா? சாயங்காலம் ஆறரைக்கு மேல் கிரவுண்டில் லைட் கிடையாது, வீட்டில் விடமாட்டார்கள், அவ்வளவுதான். சரி, உள்ளதை வைத்துச் சொல்கிறேன். எந்த மணிக்குப் போட்டியோ அந்த மணிக்கே சில வாரம் பழகினால் காலைத் தொய்வு நன்றாகவே குறையும். எட்டு மணி ஹீட்ஸுக்கு ஐந்துக்கே எழுந்துவிடு, வார்ம் அப்பை இருபது நிமிடத்தில் முடிக்காமல் நாற்பதாக்கு, நன்றாக வியர்த்த பிறகே ஸ்பைக்ஸ் மாட்டு. காபி ஒத்துக்கொள்ளும் என்றால் ஒரு மணி நேரம் முன்னால் குடி, ஆனால் முதல்முறையாகப் போட்டி அன்றைக்கு வேண்டாம், வயிறு கலக்கினால் என்னைத் திட்டுவாய்.

ஓட்டக்காரி_மதுரை:
அக்கா இருவருக்கும், மாஸ்டருக்கும் நன்றி. டிரையல்களில் சாதா ஷூதான், அதுவும் தனியாகத்தான் ஓடினேன், சொன்ன பிறகுதான் உறைக்கிறது. இன்று லீவு என்பதால் எட்டு மணிக்கு, நாற்பது நிமிட வார்ம் அப்போடு, ஸ்பைக்ஸ் போட்டு, ஜூனியர் பையன் ஒருவனைப் பக்கத்தில் ஓடவிட்டுப் பார்த்தேன். 60.9! கோச் ஸ்டாப் வாட்சை இரண்டு தடவை பார்த்துவிட்டு, இனி தினமும் எட்டுக்கே வா என்றார். எட்டே முக்காலுக்கு எனக்கு முதல் கிளாஸ். அதற்கு யாரிடமாவது வழி இருக்கிறதா?